பழைய படத் துணுக்கு சேகரிக்க வருகிறவர்களுக்கு: செட்டிநாட்டிலிருந்து ஒரு வழிகாட்டி

காரைக்குடிப் பக்கம் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் பேச்சு எப்படியும் பழைய படத்துக்கு வந்துவிடும். கல்யாண வீட்டுப் பந்தியோ, கொப்புடையம்மன் கோயில் வாசலோ, ரயிலுக்குக் காத்திருக்கும் பெஞ்சோ, இடம் ஒரு பொருட்டில்லை. "ஏவி.எம். செட்டியார் தன்னோட முதல் படத்தையே நம்ம ஊர்லதான் எடுத்தாராக்கும்" என்று ஒருவர் ஆரம்பிப்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மெய்யப்பச் செட்டியாரின் முதல் படம் 1935இல் வந்த 'அல்லி அர்ஜுனா'. காரைக்குடியில் அவர் ஸ்டுடியோ போட்டது அதற்குச் சுமார் பத்து வருடம் கழித்து.

இந்த மாதிரிப் பேச்சில் கலந்துகொள்ள ஆர்வம் மட்டும் போதும். நீங்கள் சொல்கிற துணுக்கு, அதாவது பழைய படம் பற்றிய குட்டித் தகவல், நாலு பேர் மறுத்தாலும் நிற்க வேண்டும் என்றால், அதற்குப் பின்னால் தேதி போட்ட ஒரு காகிதமோ படத்தின் ஒரு துண்டோ இருக்க வேண்டும். அதை எங்கே தேடுவது, எப்படிப் படிப்பது என்று புதிதாக வருகிறவர்களுக்காக எழுதுகிறேன். செட்டிநாட்டில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு: சாட்சிகளில் பாதி நம் வீட்டுப் பரணிலேயே கிடக்கிறது.

முதலில் வட்டத்தைச் சுருக்குங்கள்

தமிழ் சினிமா முழுவதையும் பிடிக்கப் போனால் ஒன்றும் கையில் நிற்காது. ஒரு ஆள், ஒரு கம்பெனி, அல்லது ஒரு பத்தாண்டு, இதில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த மண்ணோடு ஒட்டியவர்களிலிருந்து தொடங்குவது எளிது.

ஏவி.எம். என்றால் 1907இல் காரைக்குடியில் பிறந்த மெய்யப்பச் செட்டியார். போர்க்கால நெருக்கடியில் சென்னையில் படம் எடுப்பது சிரமமானபோது காரைக்குடியை ஒட்டிய தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டுடியோ அமைத்தார். 'நாம் இருவர்' (1947) அங்கே எடுத்த படம். 1948இல் ஸ்டுடியோ கோடம்பாக்கத்துக்குப் போய்விட்டது. ஆகவே 'பராசக்தி'யோ 'களத்தூர் கண்ணம்மா'வோ காரைக்குடி ஸ்டுடியோவில் எடுத்தது என்று யாராவது சொன்னால், காலமே பொருந்தாது; இரண்டும் அதற்குப் பிந்திய படங்கள்.

கண்ணதாசன் 1927 ஜூன் 24இல் சிறுகூடல்பட்டியில் பிறந்தவர். வைத்த பெயர் முத்தையா. சுவீகாரம் போன வீட்டில் நாராயணன். இவரைப் பற்றி விசாரிக்கும்போது மூன்று பெயரும் நினைவில் இருக்கட்டும். பெரியவர்கள் "முத்தையா" என்று பேசிக்கொண்டு போவார்கள், நீங்கள் வேறு யாரோ என்று நினைத்துவிடுவீர்கள். இவருடைய அண்ணன் ஏ.எல். சீனிவாசன் படத் தயாரிப்பாளர். இன்னோர் அண்ணனின் மகன் பஞ்சு அருணாசலம், 'அன்னக்கிளி' (1976) மூலம் இளையராஜாவைக் கொண்டுவந்தவர். ஒரே குடும்பத்தில் இவ்வளவு இருப்பதால் ஒருவரைப் பற்றிய கதை இன்னொருவர் தலையில் ஏறிவிடுவது இங்கே சகஜம்.

மனோரமாவை ஆச்சி என்கிறோம். பிறந்தது மன்னார்குடி, வளர்ந்தது பள்ளத்தூர். கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை' (1958) படத்தில் நகைச்சுவை வேடம் ஏற்றார். அப்புறம் எஸ்.பி. முத்துராமன், 1935இல் காரைக்குடியில் பிறந்தவர். 'களத்தூர் கண்ணம்மா'வில் உதவி இயக்குநர். அதில் குழந்தையாக நடித்த கமல்ஹாசனை வைத்துப் பிற்காலத்தில் 'சகலகலா வல்லவன்' (1982) எடுத்தார். இரண்டும் ஏவி.எம். தயாரிப்புதான்.

இந்த நால்வரைச் சுற்றியே பல வருடம் ஓட்டலாம்.

ஒரு நோட்டு வாங்குங்கள்

கேட்ட துணுக்கு, சொன்னவர், கேட்ட நாள், அதற்குச் சாட்சி. பக்கத்துக்கு ஒரு துணுக்கு, சாட்சி வரும் வரை அந்த இடம் காலியாக இருக்கட்டும். போனில் எழுதினாலும் சரி. இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

பாட்டுப் புத்தகத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

என் கணக்கில் சாட்சிகளிலேயே சிறந்தது பாட்டுப் புத்தகம்தான். கொட்டகை வாசலில் விற்றது. அட்டையில் படம், உள்ளே நடிகர் பட்டியல், தொழில்நுட்பக் கலைஞர்கள், கதைச் சுருக்கம், பாட்டுகள். கதை உச்சத்துக்குப் போகும் நேரம் பார்த்து "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று முடித்துவிடுவார்கள். படம் வெளிவந்த நேரத்திலேயே அச்சானது என்பதால், நாற்பது வருடம் கழித்து ஒருவர் நினைவிலிருந்து சொல்வதைவிட இது நம்பகமானது. பிரதியே மிஞ்சாத படங்களுக்குப் பாட்டுப் புத்தகமும் பத்திரிகை விளம்பரமும்தான் கதி. 1931 அக்டோபர் 31இல் வெளிவந்த முதல் தமிழ் பேசும் படம் 'காளிதாஸ்' அப்படிப்பட்டது. அதன் பிரதி இன்று இல்லை.

எங்கே கிடைக்கும்? முதலில் உங்கள் வீட்டுப் பரண். தகர டிரங்குப் பெட்டியின் அடியில், மொய் நோட்டுகளுக்கும் கல்யாணப் பத்திரிகைகளுக்கும் நடுவே இருக்கும். அடுத்து காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகள். அங்கே பீங்கான் ஜாடிக்கும் எனாமல் தட்டுக்கும்தான் மரியாதை. காகிதம் மூலையில் கட்டாகக் கிடக்கும். கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள். மூன்றாவதாக, சென்னை தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். இதுவும் நம் ஊர்ச் சொத்துதான். கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா செட்டியார், விளம்பரப் பலகை எழுதும் ஓவியர், மற்றவர்கள் தூக்கிப்போட்ட நாடக நோட்டீசையும் பாட்டுப் புத்தகத்தையும் வாழ்நாள் முழுக்கச் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. அதை வைத்துத்தான் அந்த நூலகம் உருவானது. தொகுப்பு தமிழ்நாட்டிலேயே தங்கியது நம் அதிர்ஷ்டம்.

பாட்டுப் புத்தகங்களில் பலவற்றில் வருடம் இருக்காது. புதியவர்கள் இங்கேதான் திணறுவார்கள். விலையைப் பாருங்கள். அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தியது. "ந.பை." என்று நயா பைசாக் கணக்கில் இருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. எழுத்தைப் பாருங்கள். ணை, லை, னை இவற்றுக்குத் தும்பிக்கை மாதிரி வளையும் பழைய வடிவம் இல்லாமல் இன்றைய வடிவம் இருந்தால், அட்டையில் எவ்வளவு பழைய படம் இருந்தாலும் அது 1978 எழுத்துச் சீர்திருத்தத்தை ஒட்டியோ அதற்குப் பின்போ அடித்த மறுபதிப்பாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். கொட்டகை நோட்டீசாக இருந்தால் முகவரியைப் பாருங்கள். "இராமநாதபுரம் ஜில்லா, காரைக்குடி" என்று இருந்தால் 1985க்கு முந்தியது, ஏனென்றால் சிவகங்கை தனி மாவட்டமானது அப்போதுதான். நம் செட்டிநாட்டு ஊர்களில் சில புதுக்கோட்டைப் பக்கம் இருக்கின்றன. அங்கிருந்து வந்த நோட்டீசில் "புதுக்கோட்டை சமஸ்தானம்" என்று இருந்தால் அது 1948க்கு முந்தியது.

ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள்: செலோ டேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். பட்டர் பேப்பர் நடுவில் வைத்து, வெயில் படாத அலமாரியில் படுக்க வையுங்கள். போனில் ஒவ்வொரு பக்கமும் படம் எடுத்துவிட்டால் அசலை அடிக்கடி தொட வேண்டியதில்லை.

இசைத்தட்டும் சாட்சிதான், ஆனால் எச்சரிக்கை தேவை. சுற்று வேகம் 78 கொண்ட பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்றரை நிமிடத்துக்குள்தான் பாட்டு அடங்கும், அதனால் படத்தில் இருந்த சரணம் தட்டில் இல்லாமல் போகலாம். தட்டில் பாடியவரே படத்திலும் பாடினார் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லவும் முடியாது. 'ஸ்ரீ வள்ளி' (1945) படத்தில் வள்ளியாக நடித்தவர் குமாரி ருக்மிணி. முதலில் அவரே பாடிய பாட்டுகளில், பிறகு பி.ஏ. பெரியநாயகியின் குரலைச் சேர்த்தார்கள். ஒரே படத்துக்குள்ளேயே இப்படி நடந்திருக்கும்போது, லேபிளை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது ஆபத்து.

பெரியவர்களிடம் கேட்பது

வெள்ளிக்கிழமை மாலையில் போகாதீர்கள், விளக்கேற்றும் நேரம். மதியம் சாப்பிட்டுக் கண்ணயரும் வேளையும் வேண்டாம். காலையில் காபிக்குப் பிறகு நல்ல நேரம். பல வீடுகள் வருடம் முழுக்கப் பூட்டியே இருக்கும். சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கல்யாணத்துக்கும், முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கும் குடும்பத்தார் வந்து சேர்வார்கள். அந்த நாட்களில் வளவில் (வீட்டு உள்முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில்) ஜமுக்காளம் விரித்துப் பத்துப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். பத்து நினைவுகள் ஒன்றை ஒன்று திருத்திக்கொள்ளும். உங்களுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

"எந்த வருஷம் பார்த்தீங்க?" என்று கேட்காதீர்கள். ஒரு வருடத்தைச் சொல்லிவிடுவார்கள், அது தப்பாகத்தான் இருக்கும். "ஆச்சி, உங்களை மொத மொத எந்தப் படத்துக்குக் கூட்டிட்டுப் போனாக? யாரு கூட்டிட்டுப் போனா?" என்று கேளுங்கள். "எங்க அப்பத்தா கூட. அப்ப எங்க அண்ணனுக்குக் கல்யாணம் ஆகல" என்று பதில் வரும். கல்யாணப் பத்திரிகை வீட்டில் இருக்கும். அதில் தேதி இருக்கும். மனிதர்களுக்கு வருடம் மறந்துபோகும், யாருடைய கல்யாணத்துக்கு முன்னால் என்பது மறக்காது.

உட்கார்ந்த இடத்தையும் கேளுங்கள். தரையா, பெஞ்சா, சேரா? இடைவேளை எத்தனை? ஒரே புரொஜெக்டர் வைத்து ஓட்டிய டூரிங் கொட்டகையில் ரீல் மாற்ற மாற்ற நிறுத்துவார்கள். "மூணு நாலு தடவை விளக்குப் போடுவான்" என்று ஐயா சொன்னால், அவர் படம் பார்த்தது டூரிங் கொட்டகையில் என்று புரிந்துகொள்ளலாம். அங்கே புதுப் படம் வந்து சேர மாதக் கணக்காகும், பழைய படங்கள் திரும்பத் திரும்ப வரும். அதனால் அவர் பார்த்த காலம் வேறு, படம் வெளியான காலம் வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் துணுக்கு உலகத்தில் பாதிச் சண்டைக்குக் காரணம்.

பேசுகிறவரை இடையில் திருத்தாதீர்கள். தப்பாகச் சொன்னாலும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஊர் ஒரு கதையை எப்படி நம்புகிறது என்பதும் சேகரிக்க வேண்டிய விஷயம்தான்.

கண்ணதாசன் பற்றிய கதைகளுக்கு இது ரொம்பவே பொருந்தும். அண்ணனிடம் பணம் கேட்டுக் கிடைக்காத கோபத்தில் 'பழனி' படத்தின் "அண்ணன் என்னடா தம்பி என்னடா" பாட்டை எழுதினார் என்று இந்தப் பக்கம் சொல்லாத வீடு இல்லை. 'பழனி' 1965 பொங்கலுக்கு வந்த படம், அண்ணன் தம்பிகள் கதை. அந்தப் பாட்டு கதைக்கே தேவைப்படுகிற பாட்டு. ஆகவே நோட்டில் இரண்டு வரி எழுதுங்கள்: படம், வருடம், பாட்டு, எழுதியவர் இவை உறுதி, பணம் கேட்ட சம்பவம் வழக்கில் இருக்கும் கதை. கதையை விட்டுவிட வேண்டாம், சுவையே அதில்தான் இருக்கிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காமல் இருந்தால் போதும்.

படத்தையே சாட்சிக்கு இழுப்பது

பழைய படம் கிடைத்தால் முதல் ஐந்து நிமிடத்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். டைட்டில் கார்டில் இருக்கும் பெயர்கள்தான் அதிகாரபூர்வமானவை. ஆனால் எல்லாப் பெயரும் இருக்காது. 'பராசக்தி' வழக்காடு மன்றக் காட்சியில் நீதிபதியாக உட்கார்ந்திருப்பவர் கண்ணதாசன். பாட்டெழுத மறுத்துவிட்டு நடிக்க வந்தார். அதைக் கண்ணால் பார்த்துத்தான் சொல்ல முடியும். அந்தப் படம் வெளியானது 1952 அக்டோபர் 17. கண்ணதாசன் சிகாகோவில் காலமானது 1981 அக்டோபர் 17. ஒரே தேதி. இரண்டு உறுதியான தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இப்படிப் புதுத் துணுக்கு தானாகவே பிறக்கும்.

தணிக்கைச் சான்றிதழ் திரையில் வந்தால் தேதியையும் நீளத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 35 மி.மீ. படம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 16,200 அடி என்றால் மூன்று மணி நேரம். மீட்டரில் இருந்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 27.4; 4,500 மீட்டர் என்றால் 164 நிமிடம். இணையத்தில் நீங்கள் பார்க்கும் பிரதி இரண்டேகால் மணி நேரம்தான் ஓடுகிறது என்றால் அரை மணி நேரம் எங்கோ வெட்டுப்பட்டிருக்கிறது. "அந்தப் படத்தில் அப்படி ஒரு காட்சியே இல்லை" என்று பெரியவரிடம் வாதம் செய்வதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். சான்றிதழிலேயே ஒரு பொறி உண்டு. மறுவெளியீட்டுக்கு வாங்கிய புதுச் சான்றிதழாக இருந்தால் தேதி பல வருடம் தள்ளி இருக்கும்.

தேதி என்ன செய்யும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் 'நாம் இருவர்'. சுதந்திரம் அடைந்துவிட்டோம் என்று ஆனந்தமாகப் பாடும் பாரதி பாட்டு, டி.கே. பட்டம்மாள் குரல், குமாரி கமலா நடனம். பார்த்தவர்கள் 1947 ஆகஸ்டுக்குப் பிறகு எடுத்த படம் என்றே நினைப்பார்கள். படம் வந்தது 1947 பொங்கலுக்கு. கொடி ஏற ஏழு மாதம் இருக்கும்போது, தேவகோட்டை ரஸ்தாவில் அந்தப் பாட்டைப் படமாக்கிவிட்டார்கள். இதோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லலாம்: பாரதியே 1919இல் காரைக்குடி இந்து மதாபிமான சங்கத்துக்கு வந்து போனவர். அங்கே எடுத்த புகைப்படம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

'முதல்' என்று கேட்டால் பேனாவை மூடுங்கள்

துணுக்குகளில் அதிகம் அடிபடுவது இந்த 'முதல்'. எந்த மொழியில் முதல், எதில் முதல் என்று கேட்காமல் எழுதவே கூடாது. ஏவி.எம். தயாரித்து எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' (1954) பாடல் இல்லாத முதல் தமிழ்ப் படம். இதையே "இந்தியாவிலேயே முதல்" என்று நீட்டினால் தப்பு, இந்தியில் 'நவ்ஜவான்' 1937இலேயே பாடல் இல்லாமல் வந்துவிட்டது. 'காளிதாஸ்' முதல் தமிழ் பேசும் படம் என்பது சரி, ஆனால் அதில் டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் பேசினார். இதைச் சேர்த்துச் சொன்னால் துணுக்கின் சுவை கூடுகிறதே தவிரக் குறையவில்லை. நடிகர்களின் முதல் படம் என்றாலும் அப்படித்தான்: முதலில் ஒப்பந்தமானதா, முதலில் படப்பிடிப்பு நடந்ததா, முதலில் வெளியானதா?

"எங்க வீட்லதான் எடுத்தாக"

இது நம் பக்கத்துக்கே உரிய துணுக்கு. ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு உண்டு. சில உண்மை, பல ஆசை. சரிபார்க்க ஆத்தங்குடிக் கல்லை, அதாவது இந்தப் பக்கத்துப் பூவேலைத் தரை ஓட்டை, மட்டும் நம்பாதீர்கள். ஒரே பூவேலை பல வீட்டுத் தரையில் இருக்கும். வாசல் நிலையின் மரச் செதுக்கல், முகப்பில் இருக்கும் சுதை வேலை, வளவுத் தூண்களின் எண்ணிக்கை, பட்டாலைக்கு (உயரமான கூடத்துக்கு) ஏறும் படி, இவை எல்லாம் வீட்டுக்கு வீடு மாறும். படத்திலிருந்து நான்கைந்து காட்சிகளை நிறுத்தி எடுத்துக்கொண்டு போய், அதே கோணத்தில் நின்று ஒப்பிடுங்கள். ஸ்டுடியோவிலேயே செட்டிநாட்டு வீடு மாதிரி செட் போடுவதும் உண்டு என்பதால், தூண் பொருந்தி மேல்தளம் பொருந்தாவிட்டால் சந்தேகப்படுங்கள்.

உள்ளே போக அனுமதி கேட்க வேண்டும், சில வீடுகளில் கட்டணமும் உண்டு. பூட்டிய வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடம் மரியாதையாகப் பேசுங்கள். ஷூட்டிங் சமயத்தில் கூடவே இருந்து எல்லாம் பார்த்தவர் பெரும்பாலும் அவர்தான். சாமி வீட்டையும் குடும்பப் படங்களையும் போட்டோ எடுக்காதீர்கள்.

சபையில் சொல்வது

துணுக்கைச் சொல்லும்போதே சாட்சியையும் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். "பாட்டுப் புத்தகத்தில் இருக்கிறது", "படத்தில் பார்த்தேன்", "பெரியவர்கள் சொல்லக் கேள்வி" என்று மூன்று தரம் போதும். யாராவது மறுத்தால் சண்டைக்குப் போகாமல் அவர் சொன்னதையும் அதே பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். சில சமயம் அவர் வீட்டுப் பரணில்தான் விடை இருக்கும்.

புதிர் போட்டு விளையாடுவதாக இருந்தால் கேள்வியை இறுக்கமாக அமையுங்கள். "மனோரமாவின் முதல் படம் எது?" என்று கேட்டால் இரவு முழுக்க வாக்குவாதம் நடக்கும், பந்தியில் சாம்பார் ஆறிப்போகும். "கண்ணதாசன் தயாரித்து, டி.ஆர். மகாலிங்கம் நாயகனாக நடித்து, பள்ளத்தூரில் வளர்ந்த ஒரு நடிகையும் இடம்பெற்ற 1958ஆம் வருடப் படம் எது?" என்று கேட்டால் விடை ஒன்றுதான்.